துப்பாக்கியைச் சுமந்தவர்

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தது. தாத்தா வாங்கியது. அது சுட்டு நான் பார்த்ததே இல்லை. ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனப் பொட்டு வைப்பது என் வேலை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது கூலித் தகராறில் சம்பா அறுப்பு நின்றுபோனது. லைசென்ஸ் துப்பாக்கிகளை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்படி உத்தரவு வந்தது. அப்பா வெற்றிலைப் பெட்டியைக்கூடத் தன் கையால் தூக்க மாட்டார். மிராசு கௌரவம் அப்படி. பண்ணையாள் மாணிக்கத்தைக் கூப்பிட்டார்.

“இதக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல குடுத்துட்டு வா.”

“சீட்டு ஏதும் வேணாங்களா ஐயா?”

“என் பேரச் சொல்லு, போதும்.”

மாணிக்கம் அதைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனார். வாய்க்கால் பாலத்திலேயே ஜீப் மறித்துவிட்டது. தகராறு நடக்கிற ஊரில் கூலியாள் கையில் துப்பாக்கி! அவர் சொன்னதை யார் கேட்பார்கள்? லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்ததாக வழக்குப் போட்டார்கள்.

அப்பா கையெழுத்திட்ட துண்டுச் சீட்டு ஒன்று இருந்திருந்தால் வழக்கே வந்திருக்காது என்றார் வக்கீல். “இப்பப் போயி நான்தான் குடுத்தனுப்பினேன்னு சொன்னீங்கன்னா கேஸ் உங்க மேலயும் பாயும். லைசென்ஸும் போயிடும்.”

அப்பா மாணிக்கத்திடம் சொன்னார்: “ஒத்துக்க. அபராதத்த நான் கட்டுறேன்.”

கோர்ட் கலையும்வரை காவல், கூடவே அபராதம். அவ்வளவுதான் தண்டனை. அப்பா சொன்னபடியே கட்டினார். இப்படி ஒரு தங்கமான மனசா என்று ஊரே வியந்தது. நானும் வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

புரட்டாசியில் குறுவை அறுப்பின்போது மறுபடியும் தகராறு. ஜீப் மாணிக்கத்தின் தெருவுக்குத்தான் முதலில் போனது. களத்து மேட்டிலிருந்து பார்த்தேன். தகராறு செய்த கூட்டத்தில் இல்லாதவரை, சோற்றில் வைத்த கையோடு இழுத்து வந்தார்கள். அவருடைய துண்டாலேயே அவர் கைகளைக் கட்டியிருந்தார்கள்.

வீட்டுக்கு ஓடினேன். “அவர ஏம்ப்பா புடிச்சிட்டுப் போறாங்க?”

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. “அவன் பழைய குற்றவாளிம்மா. லிஸ்ட்ல மொத பேரு.”

அபராதம் கட்டியதோடு துப்பாக்கி விவகாரம் தீர்ந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்; அப்பா சொன்ன பழைய குற்றம் வேறு ஏதோ என்றுதான் எனக்குப் பட்டது. நாலு நாள் கழித்து ஆயுத பூஜை வந்தது. மாணிக்கம் இன்னும் வரவில்லை. ஸ்டேஷனிலிருந்து எப்போதோ திரும்பிவிட்ட துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, இவ்வளவு நல்ல மனிதர் அப்படி என்னதான் குற்றம் செய்திருப்பார் என்று யோசித்தபடியே அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தேன்.