கிளாராவுக்குப் போகாத செய்தி

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காகப் பல நாட்களாக எழுத உட்காருகிறேன், உட்கார்ந்ததும் எழுந்துவிடுகிறேன். அம்மாவுக்கும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அது ஒன்று மட்டும் அவரிடமிருந்து எனக்கு அப்படியே வந்திருக்கிறது.

ஓமலூர் பக்கம் பிறந்து நாமக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் அம்மா. நான் நடை பழகும் முன்பே அப்பா தவறிவிட்டார். ஒரே கொட்டகையோடு நின்ற கோழிப்பண்ணையை அம்மா தனியாளாகத் தூக்கி நிறுத்தினார். யாரிடமும் போய் நின்றதில்லை. வாசலுக்கு வந்தவரைப் பசியோடு அனுப்பியதும் இல்லை.

நான் பதினோராம் வகுப்பு படிக்கையில், மாணவர் பரிமாற்றத்தில் ஜெர்மனியிலிருந்து கிளாரா எங்கள் பள்ளிக்கு வந்தாள். ஆறு மாதம் தங்க வீடு வேண்டும் என்றார்கள். அம்மாவைக் கேட்காமலே கையைத் தூக்கியவள் நான்தான்.

வந்த மறுநாளே பளிச்சென்ற மஞ்சள் சட்டையோடு கொட்டகைக்குள் நுழைந்துவிட்டாள். முட்டைக்கோழிக்குப் பழகாத நிறம் ஆகாது. அதற்காகவே அம்மா காப்பி நிறப் புடவைகள் இரண்டை மாற்றி மாற்றி உடுத்துவார். கோழிகள் மிரண்டு கூண்டில் அடித்துக்கொண்டன. அந்த வாரம் முட்டை குறைந்துபோனது. விஷயம் தெரிந்ததும் கிளாரா அழுதாள்.

"அழுவாத சாமி. முன்னாடியே சொல்லாம உட்டது என்னோட தப்பு" என்று அம்மா தன் புடவை ஒன்றை அவளுக்குச் சுற்றிவிட்டார்.

அன்றிலிருந்து காலையில் இருவரும் சேர்ந்தே தீவனம் வைத்தார்கள். நாற்றம் என்று நான் எட்டிக்கூடப் பார்க்காத கொட்டகை அது. தீவன மூட்டையில் அச்சிட்டிருந்ததைப் பார்த்துப் பார்த்தே அவள் தமிழை எழுத்துக்கூட்டப் பழகிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. ஊருக்குத் திரும்பும்போது அந்தப் புடவையைக் கேட்டு வாங்கிப்போனாள். பிறகு ஞாயிறு தவறாமல் அம்மாவின் போனுக்கு அழைப்பாள்.

சென்ற ஆண்டு அம்மாவைச் சேலத்தில் மருத்துவமனையில் சேர்த்தோம். மருத்துவர் கைவிரித்த அன்று, "கிளாராகிட்ட ஒரு வார்த்தை சொல்லீரு சாமி" என்றார் அம்மா.

"சரிங்கம்மா" என்றேன். சொல்லவில்லை. கடைசி நாட்களிலாவது அம்மா எனக்கு மட்டும் வேண்டும் என்றிருந்தது. அவருடைய போனை அணைத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"சொல்லிட்டியா?" தினமும் கேட்பார்.

"சொல்லிட்டேனுங்கம்மா."

"அப்பறம் ஏன் இன்னும் கூப்புடல? பாவம், அந்தப் புள்ளைக்கு என்ன வேலையோ."

அப்படி நினைத்துக்கொண்டேதான் அம்மா போனார். கருமாதி முடிந்த பிறகே கிளாராவுக்குத் தெரிவித்தேன்.

திதிக்காகச் சென்ற வாரம் வந்து இறங்கினாள். பையை வைப்பதற்கு முன்பே, "அம்மா என்னைக் கேட்டாங்களா?" என்றாள். "நினைவே இல்லாம இருந்தாங்க" என்று மறுபடியும் பொய் சொன்னேன். மறுநாள் காலை அந்தக் காப்பி நிறப் புடவையைச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தாள். அம்மாவின் இன்னொரு புடவையில் நான் உள்ளே இருந்தேன். இப்போதெல்லாம் நான்தான் தீவனம் வைக்கிறேன். கோழிகள் மிரளவில்லை. எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்த சித்தப்பாவுக்கும், அந்நாட்களில் பண்ணையைப் பார்த்துக்கொண்ட மாமாவுக்கும், தூரம் பாராமல் வந்து கூட நின்ற உற்றார் உறவினருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

கிளாரா, எழுத்துக்கூட்டி நீ இந்த இடத்துக்கு வந்து சேர்வாய் என்று தெரியும். அம்மாவுக்குக் கடைசிவரை நினைவு இருந்தது. தினமும் உன்னைக் கேட்டார்.