மடிக்காம வெட்டுன அட்டை

என் மகன் காலேஜ் காலேஜாப் போயி மேடையில பேசறான். சின்னதா ஆரம்பிச்ச ஜெர்சிக் கம்பெனி எப்படி இவ்வளவு வளந்துச்சுன்னு புள்ளைங்களுக்குச் சொல்லித் தரணுமாம். தரம், உழைப்பு, வாடிக்கையாளர் மனசு அப்படின்னு அடுக்குவான். நான் முன்வரிசையில உக்காந்து கொட்டாவி விடுவேன். அட, நாங்க என்னத்த தெரிஞ்சா பண்ணோம்? டெய்லர் யாரும் பண்ணாத ஒரு கிறுக்குத்தனத்துல ஆரம்பிச்ச கம்பெனி இது.

ஏற்காட்டு மலையில மஞ்சக்குட்டைக்குப் பக்கத்துல எஸ்டேட் லைன்ல எங்க ஊடு. நான் ஜாக்கெட் தைக்கறவ. என் ஊட்டுக்காரர் காப்பி மூட்டை தூக்கறவர், வேலை முடிஞ்சா வாலிபால். கரடியூர்ல ஒரு பந்தயம் வந்துச்சு. சேலத்துல வாங்கின ஜெர்சி, பந்தை அடிக்கக் கையைத் தூக்கினாலே தோள்ல பிரிஞ்சுது. "ஏம்புள்ள, ஜாக்கெட் தைக்கறவளுக்கு ஜெர்சி தைக்க வராதா?"ன்னு சீண்டினார். "உங்க வாய்க்கு ஒன்னும் குறைச்சலில்லீங்க, நில்லுங்க அப்படியே"ன்னு டேப்பை எடுத்தேன்.

டெய்லருங்க துணியை ரெண்டா மடிச்சுத்தான் வெட்டுவாங்க. மனுசனுக்கு ரெண்டு பக்கமும் ஒன்னுன்னு கணக்கு. அவர் உடம்புக்கு அந்தக் கணக்கு ஆகலை. சரிவுல மூட்டையோட இறங்கறவங்க வலது கையில கோல் ஊனுவாங்க, மூட்டை எப்பவும் இடது தோள்ல உக்காரும். அவருக்கு இடது தோள் நல்லாவே இறங்கியிருந்துச்சு. பாவி மூட்டை அழுத்தி அழுத்தி மனுசனைக் கோணலாக்கிருச்சேன்னு எனக்கு எஸ்டேட் மேலயே ஆத்திரமா வரும். அதனால துணி மேல வச்சு வெட்டற அளவு அட்டையை மடிக்காம, முழு உடம்புக்கும் ஒரே அட்டையா, இடது பக்கம் தாழ்வா வெட்டினேன். பெரிய சைஸ், சின்ன சைஸ் எல்லாம் அதே அட்டையைச் சுத்தி விரல் வச்சுக் கூட்டிக் குறைச்சதுதான்.

அவர் டீமுக்கும் தச்சுக் குடுத்தேன், அதுல இருந்தவங்க எல்லாரும் மூட்டை தூக்கறவங்க. போட்டுப் பாத்துட்டு, "நொம்ப நல்லாருக்குதுங்கக்கா, எங்கயுமே இறுக்கிப் புடிக்கலீங்க"ன்னாங்க. அடுத்த எஸ்டேட்ல கேட்டாங்க, அதுக்கடுத்த எஸ்டேட்ல கேட்டாங்க. ஷெட் போட்டோம். ஓரம் அடிக்கற ஓவர்லாக் மிஷின் மலையேறி வந்துச்சு. ட்ராக் பேண்ட் தச்சோம், சேலத்துல கடை வச்சோம். கடை தொறந்த அன்னைக்கு அவர் வேட்டிக்கு மேல எங்க ஜெர்சியைப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு, போறவன் வர்றவனையெல்லாம் கூப்பிட்டார். மானம் போச்சுன்னு திட்டினேன்.

ஒரு காலையில காப்பி குடிச்சிட்டு ஷெட்டுக்கு நடந்தவர், நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு வழியிலேயே உக்காந்தார். எந்திரிக்கவே இல்லை.

அதுக்கப்புறம்தான் என்னை இது புடிச்சுக்கிச்சு. பேயின்னு சொன்னா சிரிப்பீங்க. தச்சு முடிச்ச ஜெர்சியை ஷெட்ல வரிசையா மாட்டியிருப்பாங்க. எல்லாத்துக்கும் இடது தோள் இறங்கியிருக்கும். பனி உள்ள வந்து சுவரு மறைஞ்சிட்டா, அத்தனையும் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறவர்தான். வேலை செய்யற பொண்ணுங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே மடிச்சுப் பெட்டியில வைப்பாங்க. கடைசி ஜெர்சி பெட்டிக்குள்ள போற வரைக்கும் நான் பாத்துக்கிட்டே நிப்பேன்.

ஒருக்கா ஏற்காட்டுல காய் வாங்கப் போனவ, பஸ்ஸுல ஒரு முதுகைப் பாத்து ஏறிட்டேன். எங்க ஜெர்சி, அதே தோள். வளைவு வளைவா மலை இறங்குது, நான் முன்சீட்டை விட்டுக் கண்ணெடுக்கலை. திரும்புவார், "ஏம்புள்ள, எங்க கிளம்பிட்ட?"ன்னு கேப்பார்னு நெசமாவே நம்பினேன். அடிவாரத்துல இறங்கித் திரும்பினது கண்ணாடி போட்ட யாரோ ஒருத்தர். "ஏனுங்கம்மா, என்னைத் தெரியுங்களா?"ன்னார். "இல்லீங்க"ன்னு சொல்லிட்டு டீக்கடை பெஞ்சுல உக்காந்து ஓன்னு அழுதேன். ஆனா ஒன்னு சொல்றேன், எனக்கு அந்த முதுகைப் பாத்துப் பயமில்லை. அது ஒரு நாள் இல்லாமப் போயிருமோன்னுதான் பயம்.

அந்த நாளும் வந்துச்சு. கீழ ஊர்ப் பள்ளிக்கூடங்கள்ல இருந்து பெரிய ஆர்டர் ஒன்னு வர்ற மாதிரி இருந்துச்சு. சாம்பிள் பாத்துட்டு, புள்ளைங்களுக்கு ஒரு பக்கம் கழுத்து வழியுது, கீழ ஓரம் கோணுது, சரி பண்ணினாத்தான் எடுப்போம்னுட்டாங்க. மகன் அட்டையை எடுத்து நடுவுல மடிச்சுப் பாத்தான். ரெண்டு பாதியும் சேரலை. "அம்மா, அப்பா அளவுல எத்தனை காலம்மா தைக்கறது? மூட்டை தூக்காதவங்கதான் இப்ப நம்ம ஜெர்சியை வாங்கறாங்க."

அவன் சொன்னதுல தப்பில்லை. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். "என்னமோ பண்ணு, இனி என்னைக் கேக்காத"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். கம்ப்யூட்டர்ல புது அளவு போட்டான். என் மனசுக்குள்ள அவருக்கு மறுபடியும் எழவு விழுந்துச்சு.

புது அட்டையில வெட்டின ஜெர்சி வந்ததும் மகனே போட்டுக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னான். கழுத்தை இழுத்து விட்டான். தோளை இழுத்து விட்டான். "கட்டிங் மாஸ்டருக்குச் சரியா இருந்துச்சேம்மா. எனக்கு மட்டும் ஏன் புடிக்குது?"

டேப்பை எடுத்துக்கிட்டுப் போனேன். "நேரா நில்லு சாமி."

"நேராத்தாம்மா நிக்கறேன்."

இடது தோள் இறங்கியிருந்துச்சு. மறுபடி அளந்தேன். அப்பவும் அப்படித்தான். மூட்டையை ஒரு நாளும் தொடாதவன், சேலத்துக் கடையில ஏசி ரூம்ல உக்காந்து கணக்குப் பாக்கறவன். அவருக்கும் மூட்டை அழுத்தி வந்ததில்லை போல அது, பொறப்புலயே வந்தது. சின்னதுல இருந்து எங்க ஜெர்சியவே போட்டு வளந்தவன், எதுவும் புடிக்கலை, அதனால யாருக்கும் தெரியலை. ஊரான் முதுகுக்குப் பின்னாடி மலை இறங்கிப் போனவளுக்கு, பெத்த புள்ளையை ஒருக்கா அளந்து பாக்கத் தோணலையே. டேப்பைப் போட்டுட்டு அந்தத் தோளைத் தடவிக்கிட்டே இருந்தேன்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒன்னுமில்ல கண்ணு. ஆர்டருக்குப் புது அட்டையே போகட்டும்."

"நெசமாவா? அப்ப அந்தப் பழசைக் கிழிச்சுப் போட்டுரலாமா?"

"கிழிச்சுட்டு?"ன்னு கத்தினேன். ஷெட்ல மிஷின் அத்தனையும் நின்னு போச்சு. "கிழிச்சுட்டு உனக்கு எதை வச்சுடா நான் தைப்பேன்?"