ஒரு காலில் கனம், ஒரு காலில் இலேசு

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் எங்கள் ஊர். காஞ்சிபுரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் என்.சி.சி.யிலும் இருந்தேன். அடுத்து வரும் கோடையில் இமயமலையில் நடக்கும் மலையேற்றப் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அதுவரை நான் ஏறிய பெரிய மலை பழையசீவரம் கோயில் மலைதான். அதுவும் செருப்பைக் கீழே விட்டுவிட்டு, வெறுங்காலில்.

எங்கள் என்.சி.சி. மேடம் இரண்டு ஜோடி பூட்ஸைக் கொடுத்தார். ஒன்று அடி தடித்து, நல்ல கனம். இன்னொன்று இலேசு, கையால் மடக்கினால் மடங்கும். கூடவே கிராம்பான் என்று ஒரு ஜோடி. பனிக்கட்டியில் வழுக்காமல் இருக்க, பூட்ஸுக்கு அடியில் வார் போட்டுக் கட்டிக்கொள்கிற இரும்பு முள் சட்டம் அது. எது சரிப்படுகிறதோ அதை வைத்துக்கொண்டு, மற்றதைத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கச் சொன்னார். எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்டேன். பனியை அவரும் படத்தில்தான் பார்த்திருக்கிறார் போல. சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் நைனா இன்னும் சம்மதிக்கவில்லை. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் இரண்டு ஜோடியையும் தூக்கிப் பார்த்தார்.

"எந்த பூட்ஸுன்னே உனக்குத் தெரில. அங்க போய் எங்க கால வெக்கணும்னு மட்டும் எப்பிடித் தெரியும்? நாளிக்குள்ள ஒண்ண சொல்லு. அப்பால பாக்கலாம்."

நான் போவதும் போகாததும் அந்த ஒரு பதிலில் வந்து நின்றது. அம்மா, நடக்கிறவளுக்குத்தானே கால் வலி தெரியும் என்று இலேசானதை எடுத்து வைத்தார். சித்தப்பாவோ, "கனமா கீறதுதான் ஒழைக்கும்" என்று எதிர்க்கட்சி. அவர் அண்டா வாங்கினாலும் அப்படித்தான், தூக்க முடியவில்லையென்றால்தான் திருப்தி. எனக்கு எல்லோரும் சொன்னது சரியாகவே பட்டது. அதுதான் பெரிய பேஜார்.

மறுநாள் ஒரு யோசனை வந்தது. வலது காலில் கனமானது, இடது காலில் இலேசானது. இரண்டின் அடிகளும் ஒரே உயரமில்லை, நொண்டிக்கொண்டே ஏரிக்குப் போனேன். கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியிருந்தது. கரையின் உள்பக்கத்தில், பதித்த கல் சரிந்துபோய் வெறும் களிமண் சரிவாக ஓரிடம் உண்டு. எங்கள் ஊரில் பனிக்கு அதைவிட நெருக்கமாக வேறெதுவும் கிடைக்காது. கிராம்பானைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முள் நறுக்கென்று மண்ணைக் கடித்தது. அட, நாமும் மலையேறிதான் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது.

"யாரும்மா அது? கரைல ஓட்ட போட்டுக்கினு கீற? ஏரி ஒடஞ்சா ஊரே பூடும்!"

ஏரிக்குக் காவல் பார்க்கிறவர் மேலே நின்று கத்தினார். பதறித் திரும்பினேன். இலேசான பூட்ஸ் வளைந்து கொடுக்க, வார் நழுவி முள் சட்டம் கழன்று தொங்கியது. இடது கால் வழுக்கித் தண்ணீருக்குள் போனது. வலது கால் களிமண்ணில் ஆழமாகப் பதிந்துகொண்டு வரவே மாட்டேன் என்றது. இடுப்புவரை நீரில், ஒரு கால் மேலே மாட்டிக்கொண்டு கிடந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. உயிர் போய்விட்டதென்றே நினைத்தேன்.

அவர் தடியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தபடியே சறுக்கி வந்தார். தலைப்பாகைத் துணியை என் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தார். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. "இன்னாம்மா இது, எலிப்பொறிய கால்ல மாட்டிக்கினு" என்று சொல்லும்போது அவருக்கும் மூச்சு வாங்கியது.

தகவல் தெரிந்து நைனா மண்வெட்டியோடு ஓடிவந்தார். திட்டவில்லை. பூட்ஸைத் தோண்டி எடுத்தார். பிறகு, நான் போட்ட ஓட்டைகளையெல்லாம் மண் போட்டு மிதித்து அடைத்தார். நானும் கூடவே மிதித்தேன். எல்லாம் முடிந்ததும், "எதும்மா?" என்றார்.

அடித்துச் சொல்கிற மாதிரி ஒரு பதிலைத் தேடி, சேறு படிந்த பூட்ஸ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"தெரில நைனா. இலேசா கீறது முள்ள வுட்டுடுச்சி. கனமா கீறது என்னையே வுடல. எது நல்லதுன்னு நெஜமா எனக்குத் தெரில."

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். அவ்வளவுதான், இனி அனுப்பமாட்டார் என்று வழியெல்லாம் அழுதேன்.

திங்கட்கிழமை காலை சைக்கிளில் இரண்டு ஜோடியும் கழுவித் தொங்கின. சைக்கிளை பஸ் நிறுத்தத்தில் விட்டுவிட்டு, என்னோடு பஸ் ஏறிக் கல்லூரிக்கே வந்து மேடம் முன்னால் நின்றார் நைனா.

"எங்க ஊர்ல யாருக்கும் தெரிலம்மா. ரெண்டையும் எடுத்துக்கினு போவட்டும். அங்க தெரிஞ்சவங்கள கேட்டுக்கட்டும்."

சம்மதித்துவிட்டார் என்பது எனக்கு உறைக்கவே சற்று நேரம் பிடித்தது. மேடமும் சிரித்துக்கொண்டே இரண்டையும் கொடுத்துவிட்டார்.

மலையில் பயிற்சியாளர் இரண்டையும் புரட்டிப் பார்த்தார். அடிவார முகாம் வரை நடக்க இலேசானது, பனியில் முள் கட்டிக்கொள்ளக் கனமானது என்றார். அம்மாவும் சரி, சித்தப்பாவும் சரி. ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று நாங்களாகவே குழம்பியிருக்கிறோம்.

ஏரியில் உயிரோடு விளையாடிய பெண்ணை நைனா எந்த நம்பிக்கையில் அனுப்பினார் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. ஆனால் இன்றைக்கும் எதிலாவது குழம்பி நின்றால், தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமே வருவதில்லை. ஏரிக்கரைச் சேற்றில் நின்று சொன்ன அந்தச் சொல்தான் என்னைப் பனிமலை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது என்று நம்புகிறேன்.