பக்கத்து சீட்டில் எண்ணியவன்

எனக்கு எழுபத்திரண்டு வயது. குடிப்பழக்கம் இல்லை. கண் சோதனையும் காது சோதனையும் போன மாதம்தான் செய்தேன், இரண்டும் சரி. பேய் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆகவே இதை ஒரு கிழவனின் பிதற்றல் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். நடந்தது. எனக்கே நடந்தது.

எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக வண்டிப் பட்டறை. "அவங்க பத்தவச்சதைப் பிரிக்க எமன்தான் வரணும்" என்று எங்களைப் பற்றிச் சொல்வார்கள். அந்தப் பெயரைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்து வந்தவன் நான்.

அன்று பட்டறையில் நின்றது என் தம்பி மகளின் பழைய ஜீப். பாதி துருவாக வாங்கி, எட்டு மாதமாக நாங்கள் இருவரும் அதைப் பாறையும் சேறும் ஏறுகிற போட்டி வண்டியாக மாற்றிக்கொண்டிருந்தோம். உயரமான சக்கரங்கள், புது ஸ்பிரிங்குகள். உள்ளே, வண்டி கவிழ்ந்தாலும் ஆட்கள் நசுங்காமல் இருக்க, பைப்பில் ஓர் இரும்புக் கூண்டு. கூண்டு என் வேலை. மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சோதனை. அதில் தேறினால்தான் போட்டி.

ஆறு வருடத்துக்கு முன் இதே போட்டியில் என் தம்பி ஓட்டிய எங்கள் பட்டறை வண்டி கவிழ்ந்தது. பக்கத்து சீட்டில் இருந்தவன் இறந்துபோனான். வாய் ஓயாத ஆள். 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவோம்; என்னை அவன் கேலியாகப் 'பெரியண்ணே' என்பான். வண்டி எத்தனை டிகிரி சாய்கிறது என்று மீட்டரைப் பார்த்து ஓட்டுகிறவனுக்குச் சத்தமாகச் சொல்வது அவன் வேலை. அவன் பெல்ட் போடவில்லை என்று விசாரணைக் குழுவில் நான் சாட்சி சொன்னேன். தம்பி வாயைத் திறக்கவில்லை. பட்டறையின் பெயர் பிழைத்தது. அதற்குப் பிறகு தம்பி பட்டறை வாசலை மிதிக்கவும் இல்லை, ஒரே வீட்டில் இருந்தும் என்னோடு பேசவும் இல்லை.

மாலை ஆறு மணிக்குத் தம்பி மகள் ஜீப்புக்குள் தலையை நீட்டிக் கூண்டைப் பார்த்தாள்.

"பெரியப்பா, தரைத் தகட்டுல ஓட்டை போட்டு கூண்டை ஒரு சாண் கீழ இறக்கிடலாமா?"

"எதுக்கு?"

"பைப் சேர்ற மேல் மூட்டெல்லாம் கூரையை ஒட்டி இருக்கு. மேல்பக்கம் வெல்டிங் எட்டாதே. இறக்கினாத்தான் சுத்திவர வெல்டிங் அடிக்கலாம்."

"நாப்பது வருஷமா பத்தவைக்கிறேன். எனக்குப் பாடம் எடுக்கறியா?"

"பாடம் இல்லை. பயம்."

"பயப்படறவங்க பஸ்ல போகட்டும்."

அவள் சிரித்துவிட்டாள். "பஸ்லயும் நீங்கதான் வெல்டிங்னா இறங்கி நடப்பேன்" என்று சொல்லிவிட்டு டயர் வாங்கக் கிளம்பினாள். வெளியே நல்ல மழை.

உண்மையைச் சொல்கிறேன். மேல் மூட்டுகள் நான்கிலும் கீழ்ப்பாதி மட்டும்தான் பற்றவைத்திருந்தேன். எட்டாத மேல்பாதியில் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தேன். கூண்டை இறக்கினால் ஒரு ராத்திரி போய்விடும். சோதனை செய்கிறவர் அங்கே கையை விட்டுப் பார்க்க மாட்டார். அது எனக்குத் தெரியும்.

6.40.

கை கழுவிக்கொண்டிருந்தேன். ஜீப்புக்குள் யாரோ பைப்பைத் தட்டும் சத்தம்.

ணங்... ணங்... ணங்...

முழுதாகப் பற்றிய இரும்பு அப்படித்தான் மணிபோலப் பேசும். கீழ் மூட்டுகளின் சத்தம் அது. பிறகு தட்டல் மேலே ஏறியது.

டப்.

டப்.

நின்றுவிட்டது. எலி என்று நினைத்துக்கொண்டேன். எலிக்கு எந்த மூட்டு நல்ல மூட்டு என்று தெரியுமா? அப்போது அதைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

6.52. விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. பக்கத்து சீட்டின் பெல்ட் மட்டும் பூட்டியிருந்தது. ஆள் உட்கார்ந்திருப்பதுபோல... முன்பக்கம் புடைத்து... இறுக்கமாக.

கொக்கியை விடுவித்தேன். பெல்ட் தொய்ந்து விழுந்தது. திரும்பி இரண்டடி வைத்திருப்பேன்.

க்ளிக்.

எனக்குக் கோபம் வந்தது. பயம் இல்லை, கோபம். என் பட்டறையில் என்னிடமா? ஏறி அந்த சீட்டிலேயே உட்கார்ந்தேன். தலைக்கு மேலிருந்த மூட்டை விரலால் தட்டினேன்.

டப்.

க்ளிக்.

பெல்ட் இப்போது என்மேல் பூட்டியிருந்தது.

கொக்கியை அழுத்தினேன். வரவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன். நகம் பிய்ந்தது. வரவில்லை. எதிரே சாய்வு காட்டும் மீட்டர். வண்டி சமதரையில் நான்கு ஸ்டாண்டுகளின்மேல் நிற்கிறது. முள் பன்னிரண்டில் இருந்தது.

"பன்னெண்டு" என்றது ஒரு குரல்.

காதுக்குப் பின்னாலிருந்து. நான் யார் மடியிலோ உட்கார்ந்திருப்பதுபோல.

"பதினெட்டு... இருபத்திரண்டு..."

அவசரமே இல்லாத குரல். வேலையைச் செய்கிற குரல்.

என் மூக்குக்கண்ணாடி பக்கவாட்டில் சரிந்து கதவில் போய் ஒட்டிக்கொண்டது. பட்டறை நடுவே தொங்கும் பல்பு சாய்ந்து தொங்கியது. பல்பு சாயவில்லை... நான்தான் சாய்ந்துகொண்டிருந்தேன்.

"இருபத்தொம்பது."

கத்தினேன். மழைச் சத்தம் என் குரலை விழுங்கியது.

"முப்பத்தாறு."

தலைக்கு மேல் மூட்டில் பெயிண்ட் விரிசல் விட்டது. பட்டி உதிர்ந்து என் கண்ணில் விழுந்தது.

"நாப்பது."

பைப் முனகியது.

"நாப்பத்திரண்டு..."

பைப் என் தலைமுடியைத் தொட்டது. குளிர்ந்திருந்தது.

"பெல்ட் போட்டிருந்தேடா!" என்று அலறினேன். "நீ போட்டிருந்தே! என் மூட்டுதான் விட்டுது! நானே பார்த்தேன்... மேல்பாதி பத்தவைக்கலை... நான் பொய் சொன்னேன்!"

எண்ணிக்கை நின்றது.

க்ளிக்.

பெல்ட் தொய்ந்தது. பல்பு நேராகத் தொங்கியது. மணி 7.09.

7.15க்குத் தம்பி மகள் வந்தபோது நான் அந்த சீட்டிலேயே இருந்தேன்.

"என்ன பெரியப்பா, டிக்கெட் எடுத்துட்டீங்களா?" என்று கேட்டவள், விளக்கு வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பிறகு மேலே பார்த்தாள். மூட்டில் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். குரலைப் பற்றியும், ஆறு வருடத்துக்கு முந்தைய மூட்டைப் பற்றியும்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஆறு வருஷமா?"

"ஆறு வருஷமா."

கிரைண்டரை எடுத்தாள். தரைத் தகட்டை அறுக்க ஆரம்பித்தாள்.

கூண்டை இறக்கி, நான்கு மூட்டையும் சுற்றிப் பற்றவைத்து, மறுபடி ஏற்றினோம். சோதனைக்கு 8.50க்குப் போய் நின்றோம். தேறிவிட்டது.

11.20. மூன்றாவது ஏற்றத்தில் பாறை உருண்டது. என் கண்ணெதிரே ஜீப் பக்கவாட்டில் சாய்ந்தது, கவிழ்ந்தது, இரண்டு முறை உருண்டது. விழுந்தடித்து ஓடினேன். தம்பி மகளும், பக்கத்து சீட்டில் இருந்த அவள் தோழியும் ஊர்ந்து வெளியே வந்தார்கள். சிராய்ப்புகூட இல்லை. கூண்டு நின்றது.

திங்கட்கிழமை விசாரணைக் குழுவுக்கு என் கைப்பட உண்மையை எழுதிக் கொடுத்தேன். மூன்று தலைமுறைப் பெயர் ஒரு காகிதத்தில் போயிற்று. போகட்டும். இத்தோடு கணக்குத் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை தோழி எங்கள் வீட்டுக்கு வந்தாள். தம்பி மகள் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"நீ மட்டும் கடைசி வரைக்கும் எண்ணலைன்னா நான் ஜன்னல்ல இருந்து கையை உள்ள இழுத்திருக்க மாட்டேன்டி. அம்பத்தொண்ணு வரைக்கும் சொன்னியே!"

தோழி விழித்தாள். "நானா? முப்பதுக்கு மேல எனக்கு வாயே வரலையே. கண்ணை இறுக்கி மூடிட்டேன்."

வண்டிக்குள் சின்ன கேமரா ஒன்று பொருத்தியிருந்தோம். தம்பி மகள் அந்தப் பதிவைப் போட்டாள். முப்பது வரை தோழியின் குரல். அதற்குமேல் ஓர் ஆணின் குரல். அவசரமே இல்லாமல்.

தம்பி உள்ளறையிலிருந்து எழுந்து வந்தான். திரைக்கு முன்னால் நின்று கேட்டான்.

"அவன்தான் அண்ணே" என்றான். ஆறு வருடத்தில் என்னிடம் அவன் பேசிய முதல் வார்த்தை.

ஐம்பத்தொன்றுக்குப் பிறகு இரும்பு மோதும் சத்தம். கண்ணாடி நொறுங்கும் சத்தம். புழுதி. பெண்கள் இருவரும் வெளியேறுகிறார்கள். காலி வண்டியை கேமரா தலைகீழாகக் காட்டிக்கொண்டே இருக்கிறது. நாற்பது விநாடிகள் ஒன்றும் இல்லை.

பிறகு, மிக அருகில், பழைய கேலியோடு...

"கூண்டு நிக்குது பெரியண்ணே. அடுத்த தடவை நீங்க ஏறுங்க. நான் எண்ணுறேன்."