காலையில் இருமும் எஞ்சின்

மகனுடைய கார் காலையில் இருமி இருமி நின்றுவிடுகிறது. சூடான பிறகு ஒழுங்காக ஓடும். அந்த இருமல் கேட்டாலே அப்பாவின் டாக்சி இருமிய விடியல்தான் எனக்கு நினைவு வரும்.

மலையாள ராஜ்யத்தில் இருந்த எங்கள் பக்கம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடிய காலம் அது. போஸ்டர் ஒட்டிய சித்தப்பாவைப் போலீஸ் தேடியது. விடியுமுன் அவரைச் பக்கத்தில் செங்கல் என்ற ஊரில் கொண்டுவிட அப்பா தன் டாக்சியைக் கிளப்பினார். எங்கள் ஊர் பாறசாலை முழுக்கக் கேட்கும்படி அது இருமி அணைந்தது.

“சோக்கை இழுத்தா ஓடுது, விட்டா நிக்குது. தணுப்புதான் ஆக்கும், எஞ்சின் சூடாகணும். அடுப்புல கொதிக்கிற வெள்ளத்த கொண்டா” என்றார் அப்பா. சாயாவுக்கு வைத்த தண்ணீரை அம்மா தூக்கி வந்தாள். அப்பா அதை ரேடியேட்டரில் ஊற்றினார்.

பின்சீட்டில் சாக்குக்கு அடியிலிருந்து சித்தப்பாவின் குரல்: “மயினி, வண்டிக்குச் சாயா உண்டு, எனக்கு இல்லியா?”

அம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள். வண்டி சத்தமில்லாமல் போயிற்று.

மகன் மறுபடியும் சாவியைத் திருப்புகிறான். நான் வாசல் கேட் பக்கம் போய், யாரும் வருகிறார்களா என்று ரோட்டைப் பார்த்து நிற்கிறேன்.