பின்வாசல் வழியாக வந்த பச்சை உருவம்

பாலாற்றில் வேற்றுக்கிரக மனிதன் இறங்கிய செய்தியைச் செங்கல்வராயன் டீக்கடையில்தான் கேட்டான். வலது கண்ணில் கட்டு, இடது கண்ணில் ஓயாத நீர். பக்கத்து பெஞ்சிலிருந்தவர் பேப்பரை உரக்கப் படித்ததால் அவனுக்கும் விஷயம் கிடைத்தது. காணும் பொங்கலன்று சூரியன் எழும் நேரம், ஆம்பூரை ஒட்டிய ஆற்றங்கரையில், பச்சை நிறத்தில் ஓர் உருவம் நடந்து போயிருக்கிறது. தலை கூம்பாக இருந்ததாம். உடம்பெல்லாம் ஆவி பறந்ததாம். பார்த்தவர் படிக்காத ஆள் இல்லை, அறிவியல் ஆசிரியர்.

1980ஆம் வருஷம் அது. ஸ்கைலாப் தலையில் விழப்போகிறது என்று வளர்த்த ஆட்டையும் கோழியையும் அடித்துத் தின்று தீர்த்த ஊர்கள் பயம் தெளிந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. வானத்திலிருந்து எது வந்து இறங்கினாலும் நம்புவதற்கு ஆள் இருந்த காலம்.

செங்கல்வராயனுக்கு முதலில் வந்தது வருத்தம். அன்றைக்கு அதே நேரத்தில் அதே ஆற்றில்தான் அவனும் கிடந்தான். எங்கிருந்தோ அவ்வளவு தூரம் ஒருத்தன் வந்து போயிருக்கிறான், பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று நினைத்தான். அப்படிப்பட்ட ஆள் அவன். மாதனூர் பக்கத்துக் காலனியில் பிறந்து, ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, தோல் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவன். எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்பான். ஊறவைத்த தோலில் மயிர் ஏன் கழன்று வருகிறது என்று கேட்டு மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே.

படித்தவர் அடுத்த வரிக்குப் போனார். அந்த உருவத்தின் கால்கள் முழங்கால்வரை கறுப்பாக, யானைக்கால்போல் பருத்து இருந்தனவாம். செங்கல்வராயன் டீ கிளாசைக் கீழே வைத்தான். இன்னொரு வாட்டி படிங்க என்று கேட்டுக்கொண்டான். முழங்கால்வரை கறுப்பு என்றால் ரப்பர் பூட்ஸ். கூம்புத் தலை என்றால் பனிக்கும் நெடிக்கும் அவன் மடித்துக் கவிழ்த்துக்கொண்டிருந்த கோணிச்சாக்கு. பச்சை எப்படி வந்தது என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

காணும் பொங்கல் கம்பெனிக்கு விடுமுறை. ஆனாலும் மறுநாளைக்குத் தோல் பதப்படுத்தக் குரோம் தண்ணீர் தயாராக வேண்டும் என்று மேஸ்திரி சுப்பராயன் அவனை மட்டும் விடியுமுன் வரச் சொல்லியிருந்தார். தொட்டியில் ஆரஞ்சு நிற மருந்துத் தண்ணீரோடு ஆசிட் கலந்து, சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். நிறம் பச்சையாக மாறும், கொதித்து நுரைக்கும். கொஞ்சம் கொஞ்சமாக என்பதுதான் அதில் முக்கியம். சீக்கிரம் முடித்துவிட்டுப் பண்டிகைக்குப் போகும் அவசரத்தில் சுப்பராயன் மொத்தமாகச் சாய்க்கச் சொன்னார். தொட்டி பொங்கி, குனிந்திருந்தவன் தலையிலிருந்து இடுப்புவரை குளிப்பாட்டியது. கரண்டு இல்லை, மோட்டார் ஓடவில்லை, கம்பெனிக்குள் ஒரு வாளித் தண்ணீர் இல்லை. பின்வாசல் இரும்புக் கதவைத் திறந்து, அதில் காலை இடித்துக்கொண்டு, நொண்டியபடியே ஆற்று ஊற்றுக்கு ஓடினான். விழுந்து கிடந்தவனை வீட்டுக்கு எடுத்து வந்தது யாரோ மாட்டுக்காரர்கள். பேர்கூடத் தெரியாத வெளியூர்க்காரர்கள்.

கம்பெனி சொன்னது வேறு. அன்றைக்கு விடுமுறை, கேட்டே திறக்கவில்லை, இவன் எங்கேயோ குடித்துவிட்டு எதிலேயோ விழுந்திருக்கிறான் என்றார்கள். வேலையும் போயிற்று. வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் வலது கண்ணைக் காப்பாற்றலாம் என்றார்கள், ஆனால் நாள் கடத்தக்கூடாது, தொடர்ந்து வைத்தியம் வேண்டும். காயம் கம்பெனிக்குள் பட்டது என்று வேலூர் தொழிலாளர் அலுவலகத்தில் நிரூபித்தால் வைத்தியம் கம்பெனி பொறுப்பு. இல்லாவிட்டால் அந்தக் கண் இல்லை. நிரூபிக்க ஒரு சாட்சி வேண்டும். கூட இருந்தது சுப்பராயன் ஒருவர்தான். அவரோ பொங்கலன்று மாமனார் வீட்டில் இருந்ததாகச் சத்தியம் செய்தார்.

டீக்கடையில் கேட்டதை வீட்டில் சொல்லி அவன் சிரித்தான். மனைவி அம்சவேணி சிரிக்கவில்லை.

"யோவ், உன்னை ஒருத்தர் பாத்திருக்காருய்யா," என்றாள். "போய்க் கேளு. அந்த வாத்தியார் மட்டும் இல்ல. ஊத்தாண்ட முனி வந்துச்சுன்னு ரங்கம்மா மூணு கல்லு நட்டு மஞ்சள் பூசி வெச்சிருக்கு. சைக்கிள் கடை சமத் பாய் அன்னிலேர்ந்து ஆத்துப் பக்கமே போறதில்லயாம்."

முதலில் ரங்கம்மாளிடம் போனான். ஊற்றில் தண்ணீர் எடுத்து ஓட்டல்களுக்குச் சுமக்கிறவள். அவள் எல்லாவற்றையும் ஆசையாகச் சொன்னாள். கம்பெனிப் பின்வாசல் இரும்புக் கதவு வழியாக வந்தது. பச்சை மேனி. ஒன்பதடி உயரம். சுற்றிலும் புகை, அதில் பொங்கல் பானையில் பாகு காய்ச்சிய வாசனை. அவளைப் பார்த்து வலது கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணிற்று. அன்றைக்குத் தொடங்கி மருமகளுக்கு மாலைக் காய்ச்சல் வருவதில்லை.

அது நான்தாம்மா என்று அவன் மெதுவாகச் சொன்னான். கையைத் தூக்கினது தண்ணி கேட்டு.

ரங்கம்மாள் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கோபப்படக்கூட இல்லை. "நீ எங்கடா, அது எங்கடா," என்றாள். "உன்னை எனக்குத் தெரியாதா? தெனம் இந்த வழியாதானே போற."

தினமும் பார்க்கிற முகம். அன்று ஒரு நாள் அது கோணிக்குள் இருந்தது, அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்புகையில் அவனுக்கு ஆத்திரத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. ஐந்தரை அடி ஆள் ஒன்பதடியாக வளர எவ்வளவு பக்தி தேவைப்படும் என்று யோசித்துக்கொண்டே நடந்தான்.

அப்துல் சமத் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். காலைத் தொழுகை முடிந்து கரை வழியாகக் கடைக்கு வந்தபோது, அது கம்பெனிப் பின்கதவிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறார். ஜின் என்று உடனே தெரிந்துவிட்டதாகச் சொன்னார். ஓதிக்கொண்டே சைக்கிளைத் திருப்பிவிட்டாராம். கை தூக்கியதைக் கேட்டான். ஆமாம், தூக்கியது, கிட்ட வராதே என்று எச்சரித்தது என்றார். வாசனை? சர்க்கரை தீய்ந்த வாசனை.

"ஒண்ணுதான் எனக்கு இன்னும் பேஜாரா இருக்கு," என்றார் சமத், டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி. "ஜின்னைப் புகையில்லாத நெருப்புல படைச்சதா கேட்டிருக்கேன். இது புகைஞ்சுதே. பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்டயே கேட்டேன். நீ தூக்கக் கலக்கத்துல இருந்திருப்பேன்னு சொல்லிட்டார்."

அது நான்தான் பாய் என்று செங்கல்வராயன் சொன்னதும் அவர் கை நின்றது. நீர்க்குமிழி ஒன்று வந்து உடைந்தது. அவர் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜின் மனுஷ ரூபத்தில் வந்து இப்படித்தான் ஏமாற்றும் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, டியூபை அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

அறிவியல் ஆசிரியர் பக்தவச்சலத்தின்மேல்தான் அவனுக்கு நம்பிக்கை. ஊரில் பேயோட்டியைப் பிடித்துப் போலீசில் கொடுத்தவர். அலகு குத்துகிறவர்களை மேடையில் கிழித்தவர். முனியும் ஜின்னும் இல்லை என்று தெரிந்தவருக்கு மிச்சம் இருக்கக்கூடியது மனிதன்தானே என்று அவன் கணக்குப் போட்டான்.

மிச்சம் இருந்தது வேறு. பக்தவச்சலம் பறக்கும் தட்டுகளைப் பற்றி வந்த கட்டுரைகளை எல்லாம் படித்தவர். படம் போட்டே காட்டினார். கழுத்து இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் நிழல். தோலில் ஒளிச்சேர்க்கைக்கான பச்சையம் இருக்கலாம். உடம்பைச் சுற்றி இனந்தெரியாத வாயு, இனிப்பு கலந்த நெடி. வலக்கையை உயர்த்திச் சமிக்ஞை காட்டியது. இவரும் பதிலுக்குக் கையை உயர்த்தினார். இரண்டு உலகங்களின் முதல் வணக்கம் என்று பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார்.

"சார், நான் தண்ணி கேட்டேன் சார்," என்றான் செங்கல்வராயன்.

பக்தவச்சலம் பொறுமையாக விளக்கினார். உனக்கு அடிபட்டது உண்மையாக இருக்கலாம், அதற்காக நான் பொய்ச்சாட்சி சொல்ல முடியாது. நான் பகுத்தறிவுவாதி, கண்ணால் கண்டதை மட்டும்தான் சொல்வேன். தொழிற்சாலையின் பின்வாசல் வழியாக ஓர் உருவம் வெளியே வந்தது, அது இந்த உலகத்தைச் சேர்ந்ததல்ல.

சாமி இல்லை என்று சொல்லிவிட்டால் புத்தி தெளிந்துவிட்டதாக நினைக்கிறவர்கள் எப்போதும் உண்டு. கும்பிடுவதற்கு அவர்களுக்கு வேறு வானம் வேண்டும், அவ்வளவுதான். கோடி மைலுக்கு அப்பாலிருந்து ஒருவன் கப்பலேறி வருவான் என்று நம்ப முடிந்தது அந்த மனிதருக்கு. எதிரே வெந்துபோய் வருகிறவன் காலனிக் கூலிக்காரனாக இருக்கலாம் என்று மட்டும் தோன்றவே இல்லை.

செங்கல்வராயன் வாசல்வரை போய்த் திரும்பினான். "சார், எந்த வாசல்னு சொன்னீங்க?"

"பின்வாசல். இரும்புக் கதவு திறந்திருந்தது. அங்கேதான் தரையிறங்கியிருக்க வேண்டும்."

ரங்கம்மாளும் அந்தக் கதவைத்தான் சொன்னாள். சமத் பாயும் அதையேதான் சொன்னார். மூன்று பேரும் பார்த்தது மூன்று. அது வந்த வழி ஒன்று.

"அது போதும் சார்," என்றான். "நான்னு சொல்ல வேணாம். நீங்க பாத்தத அப்டியே வந்து சொல்லுங்க. கம்பெனிக்காரங்க அன்னிக்குக் கேட்டே தொறக்கல, யாரும் வெளிய வரலன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அப்ப நீங்க பேப்பர்ல எழுதினது பொய்யின்னு ஆவுது."

பக்தவச்சலத்தின் முகம் சிவந்தது. அரசு அலுவலகத்தில் பதிவாகும் என்றால் கட்டாயம் வருவேன் என்றார். ரங்கம்மாளிடமும் இதே சேதி போயிற்று. எந்தப் பயல் என் முனியை வரவில்லை என்று சொன்னது என்று கேட்டு அவள் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். சமத்திடம் போனபோது எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்வது கடமை என்றார். எந்த பஸ் என்று மட்டும் கேட்டார்.

ஆம்பூரிலிருந்து வேலூர்வரை அந்த பஸ்ஸில் வந்தவர்களுக்கு டிக்கெட் காசுக்கு மேலேயே பொழுதுபோயிற்று. ரங்கம்மாள் முனி என்றாள், பக்தவச்சலம் மூடநம்பிக்கை என்றார். உன் ஆளு மட்டும் ஆகாசத்துலேர்ந்து எதுல குந்திக்கினு வந்தான், தட்டுலயா, சோத்துத் தட்டா, எச்சத் தட்டா என்று அவள் கேட்டாள். கண்டக்டர் முனி பக்கம் சேர்ந்தார். பேசப்பட்ட ஆள் அம்சவேணியின் தோளில் சாய்ந்து, கட்டுப்போட்ட கண்ணோடு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டு வந்தான். சமத் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பள்ளிகொண்டா தாண்டியதும் எழுந்து வந்து, வெயில் அவன் முகத்தில் படாமல் ஜன்னல் தகரத்தை இறக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

விசாரணை அதிகாரி நெற்றி நிறைய விபூதி வைத்தவர். ரங்கம்மாள் முனியின் உயரத்தைச் சொன்னபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜின்னுக்கும் மரியாதையாகத் தலையசைத்தார். வேற்றுக்கிரகம் வந்ததும்தான் பேனாவைக் கீழே வைத்தார். கம்பெனி வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு சாமி, ஒரு பிசாசு, ஒரு விண்வெளி வீரர், இதில் மனுதாரர் எங்கே இருக்கிறார், இவர் பெயரை ஒரு சாட்சியாவது சொன்னதா என்று கேட்டார்.

அது நியாயமான கேள்வி. செங்கல்வராயனுக்கே அப்படித்தான் பட்டது.

அதிகாரி சாட்சிகளை மறுபடி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அது யார் என்று கேட்கவில்லை. எந்தக் கதவு என்று கேட்டார். என்ன நிறம், என்ன வாசனை என்று கேட்டார். பின்வாசல் இரும்புக் கதவு, பச்சை, பாகு தீய்ந்த வாசனை. மூன்று முறையும் அதே பதில். ஒருவரை ஒருவர் ஜென்ம விரோதியாகப் பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேர் கூடிப் பேசி வைத்துக்கொண்டு வந்து சொல்லியிருக்க முடியாது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. சமத் சாட்சி சொல்லிவிட்டுத் திரும்பும்போது, கேட்காமலே ஒன்று சொன்னார்: அது நொண்டியது, ஜின் நொண்டும் என்று நான் எங்கேயும் கேட்டதில்லை.

அதிகாரி, கம்பெனி தரப்பில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி சுப்பராயனைப் பார்த்துத் திரும்பினார். உங்கள் கம்பெனியில் பச்சையாக, பாகு வாசனையோடு, ஆவி பறக்கிற பொருள் எது என்று சாதாரணமாகத்தான் கேட்டார். சுப்பராயன் தொழில்காரர், தொழிலைப் பற்றிக் கேட்டதும் வாய் தானாகத் திறந்தது. அது குரோம் தண்ணிங்க, பாகை ஒரே ஊத்தா ஊத்துனா அப்படித்தான் பொங்கிடும், அன்னிக்கும்...

வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் அந்த "அன்னிக்கும்" எழுத்தர் காதில் விழுந்து, தட்டச்சும் ஆகிவிட்டது.

அதிகாரி தன் முடிவைச் சொல்லச் சொல்ல எழுத்தர் தட்டினார். மேற்படி நாளில், சூரியோதய நேரத்தில், தொழிற்சாலையின் பின்வாசல் வழியாகக் குரோம் திரவத்தில் நனைந்து வெளியேறிய என்ற இடத்தில் இயந்திரம் நின்றது.

"யாருன்னு போடறது சார்?" என்றார் எழுத்தர் தலையைத் தூக்காமலே. "மூணு பேரும் மூணு சொல்றாங்க."

ரங்கம்மாள் வாயைத் திறந்தாள். பக்தவச்சலம் எழுந்தே விட்டார். அதிகாரி இரண்டு பேரையும் கையமர்த்தினார்.

"தொழிலாளின்னு போடுங்க," என்றார்.