எண்பதுகளின் தட்டுகளைத் திட்டியவர்

டொக்கென்று ஒரு சின்னச் சத்தம். பிறகு, கடுகு போடுவதற்கு முன் எண்ணெய் காய்கிற மாதிரி ஒரு சரசரப்பு. கல்லூரி விடுதியில் பக்கத்து அறைக்காரி இசைத்தட்டின் மேல் ஊசியை இறக்கும்போது கேட்டது. அதன் பின்னால் வந்த பாட்டு மறந்துவிட்டது, சத்தம் மறக்கவில்லை. கணவர் போன பிறகு, மயிலாப்பூரில் அவர் வைத்திருந்த பழைய இசைத்தட்டுக் கடையை நானே நடத்துகிறேன். இந்தத் தொழிலில் பாதி நேரம் தூசி தட்டுவதில் போகிறது, மீதி நேரம் சண்டை கேட்பதில் போகிறது. கடை வைத்திருக்கும் யாருக்கும் இது புரியும்.

குழந்தைப் பாட்டு வரிசை

என் கடையின் ஓயாத சண்டை ஓர் ஆங்கிலேய ராக் குழுவைப் பற்றியது. எழுபதுகளில் அவர்கள் தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டாக வாசித்தார்கள். நடுவே புல்லாங்குழல், மணி, மழை எல்லாம் வரும். எண்பதுகளில் முடியை வெட்டிக்கொண்டு, கோட் போட்டுக்கொண்டு, நான்கு நிமிஷப் பாட்டுகளாகப் போட்டுப் பணக்காரர்கள் ஆனார்கள். வங்கியில் ஓய்வு பெற்ற வரதனுக்கு முதல் பாதிதான் சங்கீதம். ராயப்பேட்டையில் திரைச்சீலைத் துணி விற்கும் அக்பர் பாய்க்கு இரண்டாம் பாதிதான் உயிர். இருவரும் கல்லூரித் தோழர்கள். அந்த நாட்களிலிருந்து அவர்களுக்குள் மிச்சம் இருந்தது இந்தச் சண்டை ஒன்றுதான். அது தீர்ந்துபோனால் ஞாயிற்றுக்கிழமை சந்திக்க வேறு காரணம் கிடையாது.

நான் அந்தக் குழுவின் தட்டுகளை ஒரே வரிசையில் ஆண்டுவாரியாக அடுக்கியிருந்தேன். எழுபதுகளின் மேல் எண்பதுகள் உரசக் கூடாது என்று வரதன் பின்னவற்றை உருவி, குழந்தைப் பாட்டு வரிசையில் செருகிவிட்டார். அவற்றில் இரண்டு பிரதி இருந்த ஒன்றின் அட்டையில் படம் எதுவும் இல்லை, வெறும் மஞ்சள். அடையாறிலிருந்து வந்த ஓர் இளம் தாய் அதில் ஒன்றை வாங்கிப் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு அவள் திரும்பி வந்தபோது நான் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தேன். அந்த இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "பாப்பா நல்லா ஆடுறா மேடம். இவங்களோடது வேற இருக்கா?"

பேசக் கூடாது

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குவதற்கு முன் ஒரு பக்கத்தைப் போட்டுக் கேட்கலாம். பாட்டு ஓடும்போது கடையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. கணவர் வைத்த சட்டம், நானும் மாற்றவில்லை. இதனால் வரதனின் பழைய தட்டு ஓடும்போது அக்பர் பாய் பக்கம் முடியும்வரை வாயைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அவர் சண்டைச் சாமான்களெல்லாம் அதற்குள் ஆறிப்போகும்.

அக்பர் பாயின் தட்டு ஓடினால் கதையே வேறு. ஒவ்வொரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள மூச்சு விடும் நேரத்தில் வரதன் ஒரு வசவை நுழைத்துவிடுவார். சட்டப்படி தப்பில்லை. ஒருநாள் பக்கம் முடிந்ததும் அவர் நிதானமாகச் சொன்னார்: "இதுல ஒரே நல்ல விஷயம்டா அக்பர், திட்டறதுக்கு நடுநடுவுல இடம் விட்டு வெச்சிருக்கான்."

ஆட்டோக்காரர்

தி. நகரில் ஒரு வீட்டைக் காலி செய்தவர்களின் தட்டுகளை ஆட்டோவில் ஏற்றி வந்தேன். பெட்டிகளை இறக்கிவைத்த ஆட்டோக்காரர், உள்ளே நடந்த கூச்சலைச் சற்று நின்று கவனித்தார். "இன்னாம்மா, ரெண்டு பெரிசும் சொத்துக்கா அடிச்சிக்கினு கீது?"

"இல்லப்பா, ஒரு வெள்ளைக்காரன் முடி வெட்டிக்கிட்டு வேற மாதிரி பாட ஆரம்பிச்சான். அதுக்கு."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அத்த அவன் பொண்டாட்டி தானம்மா கேக்கணும்?"

புது ஊசி

ஒரு புதன்கிழமை வரதன் தனியாக வந்தார். தனக்கு மிகவும் பிடித்த பழைய தட்டைப் போடச் சொன்னார். மெல்லிய மணியோசையில் தொடங்குவது அது. சத்தத்தைக் கூட்டச் சொன்னார். மறுபடியும் கூட்டச் சொன்னார். "ஊசி தேஞ்சிருக்கு, மாத்துங்கோ" என்றார். மாற்றினேன். மணியோசை எனக்குக் கல்லாவரை கேட்டது. அவர் முகம், பேருந்து வராத நிறுத்தத்தில் நிற்பவர் முகமாக இருந்தது.

பிறகு தானே எழுந்து போய் மஞ்சள் அட்டையை எடுத்து வந்தார். தட்டு சுழன்றதும் டிரம் இடித்தது. நாற்காலிக் கையில் அவர் விரல் தாளம் போடத் தொடங்கியது. அதை அவரே பார்த்துவிட்டு விரலை மடக்கிக்கொண்டார். "இது மட்டுந்தான் கேக்கறது" என்றார், ஊசியை எடுத்த பிறகு. "அக்பர்கிட்ட சொல்லிடாதீங்கோ மேடம். அவன் ஜெயிச்சுட்டா அப்புறம் இங்க எதுக்கு வருவான்?"

சட்டம் மீறியவர்

நான் சொல்லவில்லை. அந்த ஞாயிறு, பழைய தட்டு புல்லாங்குழல் பகுதிக்கு வந்தபோது, பக்கம் முடிந்துவிட்டது என்று நினைத்து வரதன் பேசத் தொடங்கினார். பெட்ரோல் விலை, முட்டிவலி என்று பேசிக்கொண்டே போனார். இத்தனை வருடத்தில் அந்த இடத்தில் தும்மினால்கூட முறைத்தவர் அவர்தான். புல்லாங்குழல் வாசித்துக்கொண்டே இருந்தது. அக்பர் பாய் என்னைப் பார்த்தார், நான் தூசித் துணியைப் பார்த்தேன்.

அக்பர் பாய் எழுந்து போனார். புல்லாங்குழலை நிறுத்திவிட்டு மஞ்சள் அட்டைத் தட்டைப் போட்டார். முதல் பாட்டு முடிந்தது. வரதன் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது முடிந்தது. வரதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்பர் பாய் நாற்காலியை அவர் காதருகே இழுத்துப் போட்டுக்கொண்டு உரக்கச் சொன்னார்: "இன்னா வரதா, சும்மா கீற? திட்டுடா. நீ திட்டலன்னா இது எனக்கு வெறும் பிளாஸ்டிக்கு."

வரதன் இப்போது நங்கநல்லூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அக்பர் பாய் ஞாயிறுதோறும் எண்பதுகளின் தட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெட்ரோவில் போய், அதைப் போட்டுக் காட்டி, வயிறார வசவு வாங்கிக்கொண்டு திரும்புகிறார்.